கூட ஓடின அண்ணை

வல்வெட்டித்துறையில் ஓட்டம் என்றால் பெயர் கொடுத்தவன் மட்டும் ஓடுவதில்லை. சித்திரை வருடப்பிறப்பு மரதனுக்குப் பெயர் கொடுப்பது ஏதோ பத்துப் பன்னிரண்டு பொடியன்கள்தான். ஆனால் அம்மன் கோயிலடியில் வெடி கொளுத்தியதும் ஓடுவது அரைவாசி ஊர். ஒவ்வொருவனுக்கும் ஓர் அண்ணை, ஒரு மச்சான், ஒரு சித்தப்பா, யாராவது ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நனைத்த துவாயோடு பக்கத்தில் ஓடுவார். வேர்த்தால் துவாயால் முகத்தைத் துடைத்துவிடுவார். தள்ளாடினால் முதுகில் கைவைத்துத் தள்ளியும் விடுவார். இது பிழை என்று அந்த ஊரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அடுத்தநாள் மீன் வாங்கப் போனால் உங்களுக்கு நல்ல மீன் கிடைக்காது.

கோகுலனுக்குப் பக்கத்தில் ஓடியவர் அவனுடைய அண்ணை பிரகலாதன். ஆறு வயது மூத்தவர், மீசை முளைக்கும் முன்பே வள்ளத்தில் ஏறியவர். விடியக் கடலால் வந்து, வலையை உதறிப் போட்டுவிட்டு, மீன்மணம் போகாத கையாலேயே தம்பியைத் தட்டி எழுப்புவார். தம்பி வெறுங்காலோடு ஓடுவான். அண்ணை றப்பர் செருப்புச் சளக் சளக்கென்று அடிக்கப் பக்கத்தில் வருவார். வாய் ஓயாது. "பின்னாலை ஒருத்தன் வாறான்டா! நெட்டையன்! காலைத் தூக்கு, தூக்கு!" தம்பி உயிரைக் கொடுத்து ஓடுவான். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு நாய்கூட இராது. எத்தனை வருடம் இந்தப் புளுகு! கோகுலன் ஒவ்வொருமுறையும் நம்பினான். நம்புவது நன்றாக இருந்தது, அதுதான் உண்மை.

ஊரில் அவனை வெல்ல ஆளில்லை. பிறகு வடமராட்சியில் ஆளில்லை. போர் ஓய்ந்து சமாதானம் வந்து, தெற்கே போகிற ஏ-நைன் பாதை திறந்தபோது யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியா என்று எங்கே ஓடினாலும் கோகுலன்தான் முதல். எல்லா இடத்துக்கும் அண்ணை வந்தார். தொழிலை விட்டுவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். வீதியோட்டம் என்றால் பக்கத்தில் ஓடுவார். மைதானம் என்றால் வேலிக்கு வெளியே, ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடுவார். அந்த நாட்களில் நடுவர்மாரும் நம்மூர் ஆட்கள்தானே. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

கொழும்பில் மட்டும் சரிவரவில்லை.

கொழும்பு மைதானத்தில் பார்வையாளர் இருப்பது உயரத்தில். ஓடுகிற இடத்துக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு பெரிய இடைவெளி. வாசலில் காவலாளி. அண்ணை மேலே எங்கேயோ ஒரு மூலையில் நின்று கத்துவார். அது கீழே கேட்காது. கோகுலன் முன்னுக்குத்தான் ஓடுவான். கடைசிச் சுற்றுகள் வரை முன்னுக்குத்தான். பிறகு காது எதையோ தேடத் தொடங்கும். பக்கத்தில் ஒரு செருப்புச் சத்தமும் இல்லை, ஒரு புளுகும் இல்லை, தன் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்கும். அந்த நேரம் பார்த்து ஒருவன் தாண்டிப் போவான். இன்னொருவனும் போவான். ஒருமுறை இரண்டாவது, மற்றமுறைகள் மூன்றாவது, நான்காவது. பத்து வருடத்துக்கு மேல் ஓடியும் அந்த முதலிடம் வாய்க்கவே இல்லை.

வீட்டில் காரணம் கேட்டால் வெயில் என்றான், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றான். கடைசியில் குதிக்கால் நோவென்றான். அந்த ஒன்று மட்டும் பொய்யில்லை. அந்தக் குதிக்கால்தான் அவனை ஓட்டத்திலிருந்து இறக்கியும் விட்டது. சும்மா சொல்லக்கூடாது, அண்ணை ஒருநாளும் குறை சொன்னதில்லை. "உவங்கள் கொழும்பான்கள் பாலும் முட்டையும் திண்டு வளந்தவங்கள். நீ கடற்கரைப் பொடியன், அவங்களோடை நிண்டு பிடிச்சதே பெரிய காரியமடா" என்று ஊரெல்லாம் பெருமை சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இது முடிந்த கதை. கோகுலனுக்கு இப்போது நாற்பது வயது. மானிப்பாய்ப் பக்கத்தில் ஒரு மகளிர் கல்லூரியில் மெய்வல்லுநர் பயிற்றுநர், அதாவது ஓட்டம் பாய்ச்சல் பழக்குகிறவன். அதிபர் ஞானாம்பிகை ரீச்சர்தான் ஆள்விட்டுக் கூப்பிட்டார். சேர்ந்த முதல் தவணை முழுக்க அவன் செய்தது ஒரே ஒரு வேலை. பிள்ளைகளோடு சேர்ந்து ஓடினான். குதிக்கால் நோக நோக ஓடினான். பயிற்சி என்றால் அவனுக்குத் தெரிந்தது அதுதான். ரீச்சர் பல்கனியில் நின்று கொஞ்சநாள் பார்த்தார், பிறகு கூப்பிட்டார்.

"தம்பி, நீர் நல்லா ஓடுறீர். சந்தோசம். ஆனால் உம்மை ஓடச்சொல்லிக் கூப்பிடேல்லை. பிள்ளையளை ஓடவைக்கத்தான் கூப்பிட்டனாங்கள்."

கோகுலனுக்கு முகம் கறுத்துப் போயிற்று. ஆனாலும் அது அவன் உள்ளே போய்த் தைத்த இடம் வேறு. அந்தக் கிழமைதான் அவன் ஆரபியைக் கவனித்திருந்தான்.

ஆரபி சண்டிலிப்பாய்த் தோட்டக்காரரின் மகள். பள்ளிக்கூடம் விட்டதும் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிவிடப் போகிற பெட்டை. ஓட்டம் அவளுக்குப் பிறவியில் வந்தது. அவன் பக்கத்தில் ஓடினால் அவளை ஒருவரும் பிடிக்கமுடியாது. குதிக்கால் நோவால் அவன் ஒதுங்கி நின்ற அன்றைக்கு, கடைசி வளைவில் தலையைப் பக்கவாட்டில் திருப்பித் தேடினாள். தேடிக்கொண்டே வேகம் குறைந்தாள். பின்னால் வந்தவள் தாண்டிப் போனாள். அந்தத் தலை ஏன் திரும்பியது என்று கோகுலனுக்குத் தெரியும். கொழும்பில் அப்படித் திரும்பியது அவனுடைய தலைதானே. அடக் கடவுளே, இன்னொரு கோகுலனை அல்லவா உருவாக்கிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தான்.

அன்றையிலிருந்து அவன் ஓடவில்லை. மைதானத்து நடுவில் விசிலோடு நின்றான். நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நாற்பது வயதில்தான் அவனுக்குத் தெரிந்தது. கால் தானாக எழும்பும், பிடித்து நிறுத்துவான். ஆரபி ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள்.

"சேர், என்னோடை கோவமோ?"

"இல்லைப் பிள்ளை."

"அப்ப ஏன் கூட வாறியள் இல்லை?"

"போட்டியிலை நான் வரேலாது, அதுக்குத்தான். தனிய ஓடிப் பழகு."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய் ஓடினாள்.

அந்த வருடம் பள்ளிக்கூடங்களுக்கான மாகாண மட்ட மரதனை எங்கே வைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? வல்வெட்டித்துறைச் சந்தியில் தொடங்கி, கரையோர வீதியால் பருத்தித்துறை போய்த் திரும்பி, சந்தியிலேயே முடிப்பது. முதல் மூன்றுபேர் அகில இலங்கைப் போட்டிக்குப் போவார்கள், நான்காவது பிள்ளை வீட்டுக்குப் போகும். பெரிய நடுவர் எமில்ராஜ். அவர் வளைந்து கொடுக்கிற ஆளில்லை. வெளியாட்கள் ஓடுகிற பிள்ளையைத் தொட்டாலோ, பக்கத்தில் ஓடினாலோ, மேசையில் வைத்த தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் கொடுத்தாலோ, அந்தப் பிள்ளை போட்டியிலிருந்து நீக்கம். ஒருமுறை சொல்லிவிட்டார் என்றால் அவ்வளவுதான்.

கோகுலனுக்கு நித்திரை போயிற்று. வேறு ஊர் என்றால் பரவாயில்லை. இது துவாயோடு ஓடுகிற ஊர்! முதல்நாளே வந்து, வீதியோரத்து வீடுகளில் படலை படலையாகத் தட்டிச் சொன்னான். சனத்துக்கு முகம் சுண்டிப் போயிற்று.

"இதென்ன விசர்க்கதை? களைச்சுவாற பிள்ளைக்குத் தண்ணி வாக்கிறது குற்றமோ?" என்று வாளியோடு நின்ற பத்மாவதி அக்கா கேட்டாள். "நீ ஓடேக்கை உன்ரை தலையிலை எத்தனை வாளி ஊத்தியிருப்பன்? அப்ப இனிச்சுதோ?"

"இனிச்சது அக்கா. ஆனால் இப்ப ஊத்தினால் பிள்ளையை வெளியிலை போட்டிடுவினம்."

"கொழும்புச் சட்டம்" என்று சொல்லிவிட்டு அக்கா படலையைச் சாத்தினாள்.

கடைசியாக அண்ணையிடம் போனான். பிரகலாதனுக்கு இப்போது தலை முழுக்க நரை. இன்னும் கடலுக்குப் போகிறார். தம்பி பயிற்றுநர் ஆனது அவருக்குப் பெரிய புளுகம், சந்தோசத்தில் வாயெல்லாம் பல். தம்பி பழக்கிய பெட்டை தன் ஊரில் ஓடப்போகிறாள் என்பது அதைவிடப் பெரிய புளுகம்.

"அண்ணை, நாளைக்கு நீங்கள் ஓடக்கூடாது."

"எனக்கென்ன விசரோ?"

"கூட ஓடக்கூடாது, தொடக்கூடாது. பிள்ளை மூண்டுக்குள்ளை வரவேணும். அவளுக்கு இதுதான் கடைசி வருசம், வயசு தாண்டுது. எமில்ராஜ் சேர் மோட்டச்சைக்கிளிலை பின்னாலையே வருவார்."

"ஓமடா, ஓமடா. ஒரு கதிரையைப் போட்டு இருந்து பாக்கிறன். காணுமோ?"

"சத்தியமோ?"

"அம்மாளாச்சி அறிய" என்றார் அண்ணை. மனதறிந்து பொய் சொல்கிற ஆள் இல்லை, ஓடும்போது சொல்கிற புளுகைத் தவிர.

காலையில் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று நன்றாக எழும்பிவிட்டது. போகும்போது காற்று முதுகில், திரும்பி வரும்போது முகத்தில். முடிவுக்கு இன்னும் கொஞ்சத்தூரம் இருக்கிற இடத்தில், ஒரு கடைவாசலில், அண்ணை சொன்னபடியே கதிரையைப் போட்டு இருந்தார். கோகுலன் பக்கத்தில் நின்றான். கயிறு கட்டியிருந்தது சந்தியடியில் மட்டுந்தான். இங்கே வீதிக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. சனம் நின்றது, ஆனால் சொன்னதைக் கேட்டுத் தள்ளியே நின்றது. ஒலிபெருக்கி யார் யாருடைய பெயரையோ சொல்லிக்கொண்டிருந்தது.

முதல் பிள்ளை போனாள். கொஞ்சம் பொறுத்து இரண்டாவது போனாள். பிறகு ஆரபி.

காற்று அவளைப் பிடித்துத் தள்ளியது. உதடு வெளுத்து, ஒரு கால் பாரமாகி, அந்தக் காலை இழுத்துப் போட்டு ஓடிவந்தாள். பின்னால் நான்காவது பிள்ளை, கூப்பிடு தூரத்தில். ஆரபி அவர்களைத் தாண்டும்போது தலையைத் திருப்பினாள். சேரைத்தான் தேடினாள். கண்டாள். கால் இடறி, முழங்கால் வீதியில் அடிக்க விழுந்து, கையை ஊன்றி எழும்பினாள்.

கோகுலன் இரண்டு கையாலும் கடைத்தூணைப் பிடித்துக்கொண்டான். ஓடாதே, ஓடாதே என்று தன் காலுக்குச் சொன்னான். பிடித்துக்கொண்டு நின்றேவிட்டான். அவன் கெட்டிக்காரன்தான். ஆனால் பக்கத்தில் இருந்தவரை மறந்துபோனான்.

கதிரை விழுந்த சத்தம் கேட்டது. திரும்பினால் அண்ணை இல்லை. சாரம் மடிப்பில், துவாய் கையில், வீதியில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார். சத்தியத்தை நினைத்து மீறினாரா என்றால் இல்லை. அந்த மனிதருக்கு நினைவே இல்லை. விழுந்தெழும்புகிற பிள்ளையைக் கண்டால் ஓடுகிற கால் அது, அவ்வளவுதான். பத்மாவதி அக்கா "ஐயோ பிரகலாதன்!" என்று குழறிக் கத்தினாள்.

கோகுலன் பாய்ந்தான். ஓட்டத்தை நிறுத்திப் பல மாதம். முதல் எட்டிலேயே குதிக்காலில் ஊசி ஏற்றினாற்போல் இருந்தது. அண்ணைக்கு நாற்பத்தாறு வயது, என்றாலும் அந்த ஓட்டம் ஒன்றும் லேசான ஓட்டமில்லை. ஆரபியின் முதுகுக்கும் அவருடைய நீட்டிய கைக்கும் இடைவெளி குறைந்துகொண்டே போனது. பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

"அண்ணை! அண்ணை!"

எதிர்க்காற்று அந்தச் சொல்லை அள்ளிக்கொண்டு போயிற்று. தன் வாழ்நாளில் அண்ணையோடு ஓடியிருக்கிறான், அண்ணையைத் துரத்தி ஓடியதில்லை. இன்னும் இரண்டு எட்டில் கை முதுகில் படும். கோகுலன் அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"பிரகலாதா! நில்லடா!"

பிறந்ததிலிருந்து அவன் வாயில் வராத சொல். அண்ணையின் பெயரை வெளியாட்களிடம்கூட அவன் சொல்லமாட்டான். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டது. திடுக்கிட்டு நின்று திரும்பினார், யாரிடம் அடிவாங்கினேன் என்று பார்க்கிற முகத்தோடு. கோகுலன் வந்த வேகத்தில் அவரைக் கட்டிப்பிடித்து, இருவருமாக வீதியோர மணலில் விழுந்தார்கள்.

"விடடா, பிள்ளை விழப்போகுது! விடு!" அண்ணை திமிறினார்.

"விழட்டும்! விழுந்தாலும் அவளே எழும்பட்டும்! நீங்கள் தொடாதேங்கோ!"

சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணையுடையது கடல்காரனின் கை, கோகுலன் இறுக்கிப் பிடித்திருக்காவிட்டால் உதறிக்கொண்டு போயிருப்பார். நான்காவது பிள்ளை அவர்களைத் தாண்டிப் போனாள். மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. எமில்ராஜ் ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, மணலில் கிடந்த இரண்டுபேரையும் பார்த்தார்.

"தொட்டவரோ?"

"இல்லை சேர். தொடேல்லை" என்றான் கோகுலன். இந்த மனிதர் என்ன சொல்லப்போகிறாரோ அதுதான் அந்தப் பிள்ளையின் ஒரு வருட உழைப்பு.

எமில்ராஜ் ஆரபி போன வீதியைப் பார்த்தார். "பக்கத்திலை போகேல்லை, தொடவுமில்லை. பின்னாலை நிண்டு பாத்தனான்" என்றார். "இன்னும் ரெண்டு எட்டுப் போயிருந்தால் பிள்ளையின்ரை பெயரை வெட்டியிருப்பன்." மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

சந்தியடியில் என்ன நடக்கிறதென்று மணலிலிருந்து தெரியவில்லை. சனம் எழும்பி மறைத்தது. ஒரு பெரிய ஆரவாரம் கேட்டது. அது யாருக்கு என்று தெரியாமல் சகோதரர்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி இருந்தார்கள். பிறகு ஒலிபெருக்கி கரகரத்தது. முதலாமிடம் சொன்னார்கள். இரண்டாமிடம் சொன்னார்கள். மூன்றாமிடம், மானிப்பாய்ப் பக்கத்துக் கல்லூரியின் பெயரைச் சொல்லி, ஆரபி.

"வந்திட்டாள்! எங்கடை பெட்டை வந்திட்டாளடா!" அண்ணை மணலோடு மணலாக எழும்பிக் குதித்தார். பத்மாவதி அக்கா ஓடிவந்து, இனித் தடுக்க ஆளில்லை என்ற தைரியத்தில், கொண்டுவந்த வாளித் தண்ணீரை இரண்டுபேர் தலையிலும் ஊற்றினாள்.

அவர்கள் கடைவாசலுக்குத் திரும்பிய கொஞ்சநேரத்தில் ஆரபி நொண்டிக்கொண்டு வந்தாள். முழங்காலில் இரத்தம், முகம் முழுக்கச் சிரிப்பு.

"சேர், விழுந்திட்டன் சேர். கண்டனீங்களோ? நீங்கள் வரேல்லை எண்டு தெரிஞ்சுது. இனி ஒருத்தரும் வரமாட்டினம், நான்தான் போகவேணும் எண்டு நினைச்சன். அதுக்குப்பிறகு காலிலை நோவே தெரியேல்லை."

"கெட்டிக்காரி. போய் முழங்காலைக் கழுவு" என்றான் கோகுலன். அவள் நொண்டிக்கொண்டே தோழிகளிடம் போனாள்.

அண்ணையின் சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. விழுந்த கதிரையை எடுத்து நிமிர்த்தி வைத்தார். இருக்கவில்லை. அந்தப் பெட்டை போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் மெதுவாக எதையோ கூட்டிப் பார்க்கிறார் என்று கோகுலனுக்கு விளங்கியது. பயந்தது நடக்கப்போகிறது என்றும் விளங்கியது.

"கோகுலன்."

"சொல்லுங்கோ அண்ணை."

"கொழும்பிலை நீ கடைசியிலை விட்டது, அது வெயிலும் இல்லை, சாப்பாடும் இல்லை. என்ன?"

கோகுலன் நனைந்த சட்டையைப் பிழிந்தான்.

"நான் பக்கத்திலை ஓடிஓடிப் பழக்கினதாலைதானே உனக்குத் தனிய ஓட ஏலாமல் போனது?"

இல்லை என்று சொல்லலாம். ஒரு சொல். இத்தனை வருடம் சொல்லாமல் காத்தது இதற்காகத்தானே. ஆனால் அண்ணை கேட்டுவிட்டு அவனுடைய கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கண்ணுக்குப் பொய் சொல்ல அவனால் முடியவில்லை.

"ஓம் அண்ணை."

பிரகலாதன் கதிரையில் இருந்தார். இருந்தார் என்பதைவிட விழுந்தார் என்றுதான் சொல்லவேண்டும். "ஒருக்கால் சொல்லியிருக்கலாமேடா" என்றார். "நான் நிண்டிருப்பனே. உனக்காக நான் வீட்டிலையே நிண்டிருப்பனே."

"அதுக்குத்தான் சொல்லேல்லை."

"என்ன?"

"சொன்னால் நிண்டிடுவியள். எனக்குத் தெரியும். நான் முதலாவதாயும் வந்திருப்பன்." கோகுலன் குந்தி, அண்ணையின் முழங்காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டான். "எனக்கு நீங்கள் பக்கத்திலை வாறதுதான் வேணுமாயிருந்தது அண்ணை. முதலிடத்தை விட அதுதான் வேணுமாயிருந்தது."